கூக்காவின் கடைகள்

மெக்சிகோ நகரம்
9 நவம்பர் 1976

அன்புள்ள கூக்கா,

நான் நல்லா இருக்கேன். நீ, நம்ம அமாலியா, மாப்பிள்ளை, புதுசா வந்திருக்கிற பேரன் எல்லாரும் சுகம்தானே? குழந்தை ராத்திரியில ரொம்ப அழறானா?

காப்பித்தூள் தீர்ந்துபோச்சு. நீ பஸ் ஏறின பதினெட்டாம் நாள் டப்பாவைத் தட்டினா வெறும் சத்தம்தான் வருது. முக்குக் கடையில ஒரு இன்ஸ்டன்ட் காப்பி பாட்டில் வாங்கினேன். வெந்நீர்ல போட்டா தண்ணி கறுக்குது. அதோட சரி, அதுக்குப் பேரு காப்பி இல்ல. முப்பது வருஷம் இந்த ஊர்ல பஸ் இன்ஸ்பெக்டரா இருந்தவன் நான். எந்த பஸ் எந்தத் தெருவுல திரும்பும்னு தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நம்ம வீட்டுக் காப்பி எந்தத் தெருவுலேர்ந்து வருதுன்னு மட்டும் தெரியல. சிரிக்காதே.

சோளரொட்டிக் கடையை நானே கண்டுபிடிச்சுட்டேன். வாசல்ல கூட்டம் நிக்குதே, அதை வெச்சு. மிளகாய் எங்க வாங்கறதுன்னு தெரியாம மூணு நாளா சாஸ் இல்லாமத்தான் சாப்பாடு. காலுறை ரெண்டுல கட்டைவிரல் வெளிய எட்டிப் பாக்குது. எதை எங்க வாங்கறதுன்னு ஒரு பட்டியல் எழுதி அனுப்பு. நீ வர்றவரைக்கும் சமாளிச்சுக்கறேன்.

பிரசவத்துக்கு அப்புறம் நாப்பது நாள் அமாலியாவைப் பாத்துக்கிட்டு வந்துடறேன்னு சொன்ன. என் கணக்குப்படி டிசம்பர் ரெண்டாம் தேதி. வடக்கு பஸ் நிலையத்துக்கு எத்தனை மணிக்கு வரணும்னு எழுது. பெட்டி தூக்க நான் வரேன்.

உன் கிழவன்,
ஹசிந்தோ


திஹுவானா
22 நவம்பர் 1976

கிழவா,

கடுதாசி கிடைச்சது. இங்க எல்லாரும் சுகம். பேரனுக்குப் பேரு மார்சியானோ, உன் அப்பா பேருதான். பசிச்சா உன்னை மாதிரியே மூக்கைச் சுருக்கறான். உன் முழங்கால் எப்படி இருக்கு? குளிர் ஆரம்பிச்சிருக்கும். கம்பளிப் பட்டை கட்டிலுக்கு அடியில இருக்கிற பெட்டியில இருக்கு.

பட்டியல் இதோ. காப்பிக்கு டோலோரெஸ் தெருவைத் தாண்டி, சீனாக்காரர் கடைகளுக்கு எதிர்ச் சாரியில ஒரு வறுவல் கடை. வாசனை உன் மூக்கைப் பிடிச்சு உள்ள இழுக்கும், போர்டைத் தேடாதே. அரைக் கிலோ கேளு. கண்ணு முன்னால அரைக்கச் சொல்லு. மிளகாய்க்கு மெர்செத் சந்தை. பெரிய கொட்டகைக்குள்ள மூணாவது வரிசை, செனோபியான்னு கேளு. தடியா, கழுத்துல கண்ணாடியைக் கயித்துல கட்டித் தொங்கவிட்டிருப்பா. முதல் நாளே பேரம் பேசாதே. கோழிக்கு அதே கொட்டகை, எதிர்க் கோடி, ரூத்திலியோ. காலுறை மட்டும் சந்தையில வாங்காதே, ஒரு மாசத்துல நூல் நூலா வந்துடும். அதுக்கு ‘நீல முத்து’ பெரிய கடைதான். கீழ்த்தளத்துல ஆம்பளைங்க துணிப் பகுதி, அங்க பிளாவியான்னு ஒரு பொண்ணு. நகர்ற படிக்கட்டுல ஏறும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கோ, நீ பாட்டுக்குச் சட்டைப்பையில கை விட்டுக்கிட்டு நிக்காதே. பொத்தானுக்குத் தனிக் கடை. சோப்புக்குத் தனிக் கடை. அது ரெண்டும் அவசரமில்ல, அப்புறம் எழுதறேன்.

குழந்தைக்கு வயித்து வலி, ராவெல்லாம் தோள்ல போட்டுக்கிட்டே நடக்கறேன். அமாலியா உனக்கு முத்தம் அனுப்பறா.

கூக்கா


மெக்சிகோ நகரம்
8 டிசம்பர் 1976

அன்புள்ள கூக்கா,

நீயும் குழந்தையும் ராத்திரி கொஞ்சமாவது தூங்கறீங்களா? எனக்கு முழங்கால் பரவாயில்ல, பட்டை கிடைச்சது.

நான் தேதி கேட்டேன், நீ கடை சொன்ன. சரி, கடைக்கே போனேன்.

மெர்செத்துக்குள்ள நுழைஞ்சதும் எனக்குப் பழைய புத்தி. கையைப் பின்னால கட்டிக்கிட்டு முதல் வரிசையிலேர்ந்து ஒவ்வொரு கடையா நின்னு, ‘இது என்ன, விலை என்ன’ன்னு கேட்டுக்கிட்டே வந்தேன். பத்தாவது கடை தாண்டறதுக்குள்ள நகராட்சி ஆள் வந்திருக்கான்னு சேதி பரவிடுச்சு. ஒருத்தி தராசை மூடிட்டா. ஒருத்தன் எனக்குக் கொய்யாப்பழம் லஞ்சம் குடுத்தான். தின்னுட்டேன், நல்லா இருந்தது.

செனோபியா கண்ணாடியைத் தூக்கி மாட்டிக்கிட்டு என்னை மேலயும் கீழயும் பாத்தா. வாங்க வர்றவன் எவனா இருந்தாலும் அங்க ‘மார்ச்சாந்தே’தான் போல.

“என்ன மார்ச்சாந்தே, மூஞ்சி புதுசா இருக்கே. யாரு அனுப்பினது?”

“ரெஃபூஹியோவோட... கூக்காவோட புருஷன்.”

“அட! அப்ப நெசமாவே ஒரு புருஷன் இருக்கியா! நான் பாவம் விதவைன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்.” பக்கத்துக் கடைக்காரி விழுந்து விழுந்து சிரிச்சா. எனக்குக் காது சிவந்துபோச்சு. வாங்கவேண்டிய மிளகாய் பேரை மறந்துட்டு எதையோ காட்டினேன். “அது வேணாம். உங்க வீட்டுல இதுதான்”னு அவளே அள்ளிப் போட்டா. நம்ம வீட்டுல எதுன்னு எனக்குத் தெரியல, அவளுக்குத் தெரியுது.

டிசம்பர் ரெண்டு போய் ஆறு நாள் ஆச்சு. கிறிஸ்துமஸுக்காவது வந்துடுவ இல்ல? பஸ் நிலையத்துல விசாரிச்சேன், பண்டிகைக் கூட்டம், முன்னாலயே டிக்கெட் எடுத்துடணும்ங்கறாங்க. தேதி எழுது.

ஹசிந்தோ


திஹுவானா
28 டிசம்பர் 1976

கிழவா,

பண்டிகை எப்படிப் போச்சு? உன் தங்கச்சி வீட்டுக்குச் சாப்பிடப் போனியா? நாங்க சுகம். குழந்தைக்குச் சளி, இப்ப தேவலாம். இந்தக் குளிர்ல ரெண்டு நாள் பஸ் பயணம் யாராலயும் முடியாது.

ஒண்ணு கேக்கணும். குழந்தை யேசு சுரூபத்தை எடுத்துக் குடில்ல படுக்க வெச்சியா? அலமாரி மேல் தட்டுல மெல்லிசுக் காகிதத்துல சுத்தி வெச்சிருக்கேன். வெச்சிருக்க மாட்ட, எனக்குத் தெரியும். பரவாயில்ல. ஆனா பிப்ரவரி ரெண்டாம் தேதி மெழுகுவர்த்தித் திருநாளுக்குக் கோயிலுக்குத் தூக்கிட்டுப் போகணும். போன வருஷ உடுப்போட போகக் கூடாது. நம்ம கல்யாணத்துலேர்ந்து ஒரு வருஷம் தவறினதில்ல. மெர்செத்துக்குப் பின்னால ஒரு தெரு பூராவும் அவருக்கு உடுப்பு தைக்கிறவங்கதான். போன தடவை வெள்ளைப் பட்டு. இந்த வருஷம் என்னன்னு நீயே பாத்து எடு.

அளவு எழுதிக்கிட்டுப் போகாதே. அவரையே கூட்டிக்கிட்டுப் போ.

கூக்கா


மெக்சிகோ நகரம்
3 பிப்ரவரி 1977

கூக்கா,

குழந்தையோட சளி விட்டுதா? என் உடம்புக்கு ஒண்ணுமில்ல.

குழந்தை யேசுவைக் கூட்டிக்கிட்டுப் போனேன். கையில ஏந்திக்கிட்டு மெட்ரோவுல போக எனக்கு வெக்கம். பழைய சகா எவனாவது பாத்தா ஆயுசுக்கும் கிண்டல் பண்ணுவான். அதனால சந்தைப் பையில வெச்சு மேல செய்தித்தாளை மூடினேன். பினோ சுவாரெஸ் நிலையத்துல ஒரு அம்மா திடீர்னு கத்தினா.

“ஐயா, உங்க பையிலேர்ந்து ஒரு கால் தொங்குது!”

பெட்டி பூரா திரும்பிப் பாத்துது. தலைகீழா வெச்சிருந்திருக்கேன். “தலைகீழா! காய்கறி மாதிரி! உங்க பிள்ளையை இப்படித்தான் தூக்குவீங்களா?”ன்னு அந்தம்மா. “வயசாச்சு, புத்தி இல்ல”ன்னு இன்னொருத்தி. நான் வெளிய எடுத்து நெஞ்சோட அணைச்சுக்கிட்டேன். உடனே ஒருத்தன் எழுந்து எனக்கு இடம் குடுத்தான். முப்பது வருஷம் அந்தச் சீருடைக்குக் கிடைக்காத மரியாதை.

தையக்காரி மடியில வாங்கிக்கிட்டு, “பேரு என்ன உங்க குழந்தைக்கு?”ன்னு கேட்டா. நமக்குத் தெரிஞ்சு பேரு வெச்சிருக்கோமா? யாத்ரீகர் உடுப்பு எடுத்தேன். தொப்பி, கைத்தடி, குட்டிக் கூடை எல்லாம் உண்டு. ரொம்பப் பொருத்தமா இருந்தது. எனக்கே பெருமை, நேரா செனோபியாகிட்ட காட்டப் போனேன்.

அவ அவரை வாங்கி முத்தம் குடுத்துட்டு அழுதுட்டா.

“வருஷா வருஷம் கூக்காதான் கொண்டு வருவா. அக்டோபர்ல அவ சொல்லிக்க வந்தப்ப, இந்த வருஷம் இவரைப் பாக்க முடியாதுன்னு நெனச்சேன்.”

“சொல்லிக்க வந்தாளா?”

“ஆமா. ஊரை விட்டே போறேன்னு எல்லாரையும் கட்டிப் பிடிச்சாளே. எனக்குத் தன் நீலச் சால்வையைக் குடுத்தா. ஏன் மார்ச்சாந்தே, உனக்குத் தெரியாதா?”

நான் எதிர்க் கோடிக்குப் போனேன். ரூத்திலியோகிட்ட கேட்டேன். அவன்கிட்டயும் சொல்லிக்கிட்டுத்தான் போயிருக்க. பெரிய கடைக்குப் போய் அந்தப் பிளாவியாகிட்ட கேட்டேன். அவ நெத்தியில சிலுவை வரைஞ்சு வாழ்த்திட்டுப் போனியாம். அந்த நாள் செவ்வாய்க்கிழமை. நான் டோமினோ ஆடிட்டு வந்தேன். ‘பீன்ஸ் அடுப்புல இருக்கு’ன்ன. ரெண்டு நாள் கழிச்சு உன்னை பஸ் ஏத்திவிட்டேன். கையாட்டினேன். நாப்பது நாள்னு நெனச்சுக்கிட்டுக் கையாட்டினேன் கூக்கா.

கோழிக்காரன்கிட்ட சொல்லிக்கிட்டுப் போயிருக்க. காலுறை விக்கிற பொண்ணுகிட்ட சொல்லிக்கிட்டுப் போயிருக்க. முப்பத்து மூணு வருஷம் கூட இருந்தவன்கிட்ட சொல்லிக்காம போயிருக்க. இந்த வீட்டுல எனக்கு மூச்சு முட்டுது. கடை கண்ணி ஒண்ணும் எழுதாதே. வர்றியா, இல்லியா, அதை எழுது.

ஹசிந்தோ


திஹுவானா
25 பிப்ரவரி 1977

ஹசிந்தோ,

நீ நல்லா இருக்கணும்னு தினமும் வேண்டிக்கறேன். அது பொய் இல்ல.

வரல.

இதை எழுத மூணு வாரம் ஆச்சு. உன் மேல கோவம் இல்ல. நீ குடிக்கல, கையை ஓங்கல, சம்பளத்தை ஒழுங்கா குடுத்த. அக்கம்பக்கத்துல கேட்டா எனக்கு என்ன குறைன்னுதான் சொல்வாங்க.

உன்கிட்ட மூணு தடவை சொல்ல வந்தேன். ஆகஸ்ட்ல ஒரு மழை நாள், ‘நான் அமாலியாகிட்டயே போய் இருந்துடலாம்னு பாக்கறேன்’னேன். நீ, ‘இந்த மழைக்குச் சுரங்கப்பாதையில தண்ணி நிக்கும், பஸ்ஸெல்லாம் சுத்திப் போகும்’ன. அடுத்த தடவை வானொலியில குத்துச்சண்டை ஓடிக்கிட்டிருந்தது. மூணாவது தடவை முழுசும் கேட்டுட்டு ‘சரி’ன்ன. எதுக்குச் சரின்னு கேட்டிருந்தா உனக்குச் சொல்லத் தெரிஞ்சிருக்காது.

இன்னொண்ணு சொல்றேன். காப்பிக்கு ஒரு கடை, மிளகாய்க்கு ஒரு கடை, சோப்புக்கு ஒண்ணு, பொத்தானுக்கு ஒண்ணுன்னு நான் ஏன் ஊர் சுத்தினேன்னு என்னிக்காவது யோசிச்சியா? எல்லாமே மெர்செத்துல ஒரே வரிசையில கிடைக்கும். சோப்பு நம்ம முக்குக் கடையிலயே இருக்கு. ஒரே கடைக்குப் போனா ஒருத்திதான் பேசுவா. ஏழு கடைக்குப் போனா ஏழு பேர் கேப்பாங்க, ‘எப்படி இருக்க மார்ச்சாந்தா, ராத்திரி தூங்கினியா, அந்தக் கால் வலி எப்படி’ன்னு. யாவாரத்துக்குக் கேக்கறாங்கன்னு நீ சொல்லுவ. இருக்கட்டுமே. கேட்டாங்க இல்ல? அதை வெச்சுத்தான் சாயங்காலம் வரைக்கும் ஓட்டுவேன். அப்புறம் நீ வருவ, நான் தட்டு வைப்பேன், நீ செய்தித்தாளைப் பிரிப்ப.

அங்க எனக்குச் சொல்லிக்க ஆள் இருந்தாங்க. வீட்டுல இல்ல.

யாத்ரீகர் உடுப்பு நல்ல தேர்வு.

ரெஃபூஹியோ


திஹுவானா
12 ஏப்ரல் 1977

ஹசிந்தோ,

ஈஸ்டரும் போயாச்சு. உன்கிட்டேர்ந்து ஒரு வரி இல்ல. உடம்பு சரியில்லியா? பக்கத்து வீட்டுக்கு அமாலியா ஃபோன் பண்ணினா. நீ நடமாடறதைப் பாத்ததாச் சொன்னாங்க, ஆனா பேச வர மாட்டேன்னுட்டியாம்.

திட்டறதுன்னா திட்டி எழுது. நான் வாங்கிக்கறேன். எழுதாம இருக்காதே.

மார்சியானோ குப்புற விழ ஆரம்பிச்சுட்டான். பின்னால திரும்பத் தெரியாம அழறான்.

கூக்கா


மெக்சிகோ நகரம்
9 மே 1977

கூக்கா,

உன் கால் வலி எப்படி இருக்கு? அப்படி ஒண்ணு இருக்குன்னே உன் கடுதாசி பாத்துத்தான் எனக்குத் தெரியும்.

எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. அஞ்சு கடுதாசி எழுதினேன், அஞ்சையும் கிழிச்சேன். நாலுல உன்னைத் திட்டியிருந்தேன். அஞ்சாவதுல கெஞ்சியிருந்தேன், அது இன்னும் அசிங்கமா இருந்தது. தங்கச்சிகிட்டயும் டோமினோ கூட்டாளிங்ககிட்டயும் நீ கோடையில வர்றதாச் சொல்லி வெச்சிருக்கேன். பொய்தான். அவங்களும் நம்பல.

ஜூலை நாலு ரெஃபூஹியோ மாதா திருநாள், உன் பேருக்குரிய நாள். இத்தனை வருஷமா அன்னிக்கு உன் கையில பணத்தைக் குடுத்து ‘ஏதாவது வாங்கிக்கோ’ம்பேன். இந்த வருஷம் நானே போய் ஒரு நல்ல ஜோடி ஷூ எடுத்து அனுப்பிடலாம்னு தோணுச்சு. சட்டை இஸ்திரி போட்டுக்கிட்டு ‘நீல முத்து’வுக்குப் போனேன். ரெண்டாவது மாடி. கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறினேன். தரைக்கு விரிப்பு, உக்கார மெத்தை நாற்காலி, ராஜ உபசாரம். பழுப்புத் தோல்ல ஒண்ணு, தாழ்வான குதி, முன்னால சின்னப் பட்டி. உனக்குத்தான்னு பாத்ததுமே முடிவு பண்ணினேன்.

அந்தப் பொண்ணு கேட்டா, “உங்க வீட்டம்மாவுக்கு என்ன நம்பர் ஐயா?”

நான் கையை விரிச்சு இவ்வளவு நீளம்னு காட்டினேன், மீன் வாங்க வந்தவன் மாதிரி. அவ சிரிக்கல. “இதா, இதா?”ன்னு ரெண்டை எடுத்து வெச்சா. தெரியலம்மான்னேன். “பரவாயில்ல, பழைய ஜோடி ஒண்ணு எடுத்துட்டு வாங்க.” வீட்டுக்கு வந்து அலமாரியைத் திறந்தேன். நீ ஒண்ணுகூட விட்டுட்டுப் போகல. அப்படியே அலமாரி முன்னால தரையில உக்காந்துட்டேன். ரொம்ப நேரம் எழுந்திரிக்கல. முழங்காலும் ஒரு காரணம், ஆனா அது மட்டும் இல்ல. அழுதேன் கூக்கா. எழுதறதுக்கு வெக்கமா இருக்கு, எழுதிட்டேன்.

மறுநாள் செனோபியாகிட்ட போனேன். “அவ ஷூ நம்பர் உனக்குத் தெரியுமா?”ன்னு கேட்டேன்.

“தெரியாம? நாங்க ரெண்டு பேரும் சேந்து போய்த்தானே...”

“நிறுத்து. சொல்லிடாதே.”

“அப்புறம் எதுக்குய்யா கேட்ட?”

“தெரியுமான்னுதான் கேட்டேன்.”

“உனக்கு நட்டு கழண்டுபோச்சு மார்ச்சாந்தே”ன்னு ஒரு பொட்டலம் மிளகாயை மேல போட்டுக் குடுத்து அனுப்பினா.

அவ வாயிலேர்ந்து அது எனக்கு வேணாம். உன்னைத்தான் கேக்கறேன். உன் கால் நம்பர் என்ன? எந்தக் கால் வலிக்குது? எப்பத்திலேர்ந்து? உனக்குப் பழுப்பு பிடிக்குமா, கறுப்பா? இந்தப் பேனா மை தீர்றவரைக்கும் கேக்கறதுக்கு என்கிட்ட இருக்கு. முதல்ல இதுக்கெல்லாம் எழுது. நீ வர்றியான்னு நான் கேக்கல.

ஹசிந்தோ


திஹுவானா
30 மே 1977

கிழவா,

உன் கடுதாசியை அமாலியாகிட்டகூடக் காட்டல. குளியலறையில தாழ்ப்பாள் போட்டுக்கிட்டுப் படிச்சேன். நான் சுகமா இருக்கேன்னு எழுதறதுதான் வழக்கம். இன்னிக்கு எப்படி இருக்கேன்னு எனக்கே தெரியல.

இருபத்து மூணரை. இடது கால். பெருவிரலுக்குப் பக்கத்துல எலும்பு புடைச்சுக்கிட்டு இருக்கு, அமாலியாவை நடக்கப் பழக்கின வருஷத்துலேர்ந்து. அதனால அகலமானதா பாத்துத்தான் எடுக்கணும். பட்டி வெச்சது அழுத்தும், வேணாம். பழுப்பு பிடிக்கும். கறுப்பு நீ சாவு வீட்டுக்குன்னு சொல்லுவ, அதனால அதையே போட்டுக்கிட்டிருந்தேன், நீ கவனிக்கிறியான்னு பாக்க. கவனிக்கல.

நான் இங்க துணிக்கடை ஒண்ணுல மத்தியானத்துல வேலைக்குப் போறேன். கெஜக்கோலும் கையுமா நிக்கறேன். சம்பளம் ஒண்ணும் பெருசில்ல. ஆனா நான் சொல்ற துணியை ஜனங்க எடுத்துக்கிட்டுப் போறாங்க. அதை விட்டுட்டு வர மாட்டேன். அந்த வீட்டுக்குத் திரும்பி வந்து தட்டு வைக்க என்னால முடியாது, இப்பவே சொல்லிடறேன். நீ ஏதாவது ஆசையை வளத்துக்காதே.

ஷூவைத் தபால்ல அனுப்பாதே. கால்ல போட்டு நாலு அடி நடந்து பாக்காம ஷூ வாங்கறது மடத்தனம். ஜூலை மூணாம் தேதி காலையில பதினோரு மணிக்கு வடக்கு பஸ் நிலையத்துக்கு வந்து சேர்ற வண்டியில வரேன். நாலாம் தேதி ‘நீல முத்து’வுக்குப் போவோம். நீ அந்த மெத்தை நாற்காலியில உக்காந்துக்கோ. எத்தனை ஜோடி போட்டுப் பாத்தாலும் கடிகாரத்தைப் பாக்கக் கூடாது. எது கடிக்குது, எது கடிக்கலன்னு நான் சொல்வேன், நீ கேக்கணும்.

ஒன்பதாம் தேதி திரும்பறேன். அந்த டிக்கெட்டையும் இன்னிக்கே எடுத்துட்டேன். அன்னிக்குக் காலையில செனோபியாகிட்டயும் மத்தவங்ககிட்டயும் போகப் போறதில்ல. அவங்களுக்குப் போன தடவையே சொல்லியாச்சு. இந்தத் தடவை உன்கிட்ட சொல்லிக்கிட்டுத்தான் போவேன்.

கூக்கா